பதினாறு மணல் மூட்டைகளும் ஒரு படகுக் கழிப்பறையும்

சிங்கப்பூரிலிருந்து திருச்சியில் வந்து இறங்குகிறவன் பெட்டியில் என்னென்ன இருக்கும் என்பது அங்கே சோதனை போடுகிறவர்களுக்கு மனப்பாடம். கோடாலித் தைலம், டார்ச் லைட்டு, சாக்லெட், யாருக்காவது ஒரு சென்ட்டு. என் பெட்டியைத் திறந்த அதிகாரி இதில் ஒன்றையும் காணாமல் சற்றுத் தடுமாறினார். ஒரு கைப்பம்பு, இரண்டு முழம் ரப்பர் ஹோஸ், ஒரு டப்பா கிரீஸ், ஒரு டஜன் கிளாம்ப், நடுவில் கீறிவிட்ட மாதிரி உதடுள்ள கறுப்பு ரப்பர் ஒன்று. அந்த ரப்பரை எடுத்து விரலை உள்ளே விட்டுப் பார்த்தபடியே இது என்ன என்று கேட்டார். படகுக் கழிப்பறையில் போனது திரும்பி வராமல் தடுக்கிற வால்வு, ஜோக்கர் வால்வு என்று பெயர் என்றேன். விரலை மெதுவாக வெளியே எடுத்தார். புதுசுதானே என்று கேட்டார். புதுசுதான் என்றதும் பெட்டியை அவரே மூடிக் கொடுத்தார்.

போன மாதம் என் தங்கை வசந்தா போன் செய்ததால் வந்த பயணம் இது. அவள் வாழ்க்கைப்பட்டது முத்துப்பேட்டைப் பக்கம், கோரையாற்றங்கரையில். வீட்டுக்காரர் ராஜமாணிக்கம் குவைத்தில் டிரைவராக இருந்துவிட்டுத் திரும்பியவர். அலையாத்திக் காட்டைப் பார்க்க வருகிறவர்களை ஏற்றிப்போக இருவருமாக ஒரு படகு கட்டியிருந்தார்கள். மேலே கூரை, பதினாறு பேர் உட்காரப் பெஞ்சு, பின்பக்க மூலையில் ஒரு கழிப்பறை. அந்தக் கழிப்பறைதான் படுத்துகிறதாம். "அண்ணே, நீ கப்பல்ல இன்ஜின்தான பாக்குற. கக்கூஸ் பத்தி ஏதாவது தெரியுமா?" என்று கேட்டாள். பத்தொன்பது வருடமாக எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

ஊரில் நான் கப்பல் இன்ஜினியர். என் கல்யாணப் பத்திரிகையிலேயே அப்படித்தான் அச்சாகியிருந்தது. உண்மையில், பணக்காரர்கள் தங்கள் உல்லாசப் படகுகளைக் கட்டிவைக்கிற படகுத்துறையில் கழிப்பறைகளைக் கழற்றி மாட்டுகிறவன். தொண்ணூறுகளில் ஐ.டி.ஐ. ஃபிட்டர் சான்றிதழோடு கீழ்வேளூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து போனேன். முதல் நாள் ஃபோர்மேன் ஒரு ஜோடி கையுறையைக் கொடுத்து ஒரு படகின் அடித்தட்டைக் காட்டினார். எங்கள் தெருவில் பிறந்தவனுக்கு அந்த வேலை என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அப்பா அடுத்தவர் வயலில் குனிந்து நிமிர்ந்து என்னைப் படிக்கவைத்ததே நான் அந்தப் பக்கம் போகக் கூடாது என்பதற்காகத்தான். அன்று அழுதேன். ஆறு மாதத்தில் வேலை பிடித்துப்போனது. தண்ணீர் எங்கிருந்து எங்கே போகும், ஏன் போகாது என்பதுதான் அதில் முழு விஷயமும். கடைமடைக்காரனுக்கு அது நடை பழகிய நாளிலிருந்து தெரிந்த சங்கதி. ஆனாலும் வீட்டில் சொல்லவில்லை. அப்பா போன பிறகும் சொல்லவில்லை.

வசந்தாவிடம், கொஞ்சம் தெரியும், வந்து பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

புதன்கிழமை. திருச்சியில் ஏறிய பாசஞ்சர் பூதலூரில் வந்து நின்றது, நின்றதுதான். எதிர் வண்டிக்காக நிற்கிறது என்றார்கள். பிறகு அந்த எதிர் வண்டியே தாமதம் என்றார்கள். ஆட்கள் இறங்கி டீ குடித்தார்கள், திரும்பி வந்து உட்கார்ந்தார்கள், மறுபடி இறங்கினார்கள். எதிர் சீட்டில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தவர், இங்கே நிற்கிற நேரத்தில் நெல்லை அறுத்து, அவித்து, சோறாக்கித் தின்றுவிட்டே போகலாம் என்றார். எனக்கு மட்டும் வேறு ஒரு காட்சியில் கண் போனது. பெட்டியின் கோடியில் ஒரு பெண் கழிப்பறைக் கதவருகே நின்றுகொண்டிருந்தாள். வண்டி நிற்கும்போது உபயோகிக்கக் கூடாது என்று கதவில் எழுதியிருந்தது. முக்கால் மணி நேரம் நின்றாள். பிறகு கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைப் பையின் அடியில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

தஞ்சாவூருக்குப் பிறகு பஸ். சம்பா அறுவடை நேரம். திருத்துறைப்பூண்டிக்கு இந்தப் பக்கம் ஒரு வளைவில் அறுவடை இயந்திரம் ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு நின்றது. அதன் ஒரு சக்கரம் வாய்க்கால் ஓரத்தில் இறங்கியிருந்தது. எங்கள் பஸ் டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு, நெல் காயப்போட்டிருந்த சாலையிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து போய் யோசனை சொன்னார். பஸ்ஸிலிருந்து ஏழெட்டுப் பேர் இறங்கிப்போய் அவர்களும் யோசனை சொன்னார்கள். முன் சீட்டுக்காரர் ஒருவர் போனில் மகனிடம் பேசிக்கொண்டிருந்தார். மகன் சிங்கப்பூர் என்பது அவர் கத்திய கத்தலிலேயே தெரிந்தது. அங்கே மழையா என்று கேட்டார். இருந்தால் அங்கேயே வைத்துக்கொள், இங்கே அறுப்பு நடக்கிறது என்றார். நான் இருபது மணி நேரத்துக்கு முன் அந்த மழையில்தான் நனைந்துவிட்டு வந்திருந்தேன். என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். மடவை மீன் குழம்பு. சிங்கப்பூரில் நான் தங்கியிருக்கிற இடத்தில் மீனுக்குப் பெயர் கிடையாது, துண்டு என்றுதான் சொல்வோம். இங்கே மீனுக்குப் பெயர் உண்டு, பிடித்த இடம் உண்டு, பிடித்தவர் யார் என்பதும் தட்டில் விழும்போதே சொல்லப்படும். மூன்றாவது முறை சோறு போட்டுக்கொண்டிருந்தபோது வசந்தா விஷயத்துக்கு வந்தாள். சனிக்கிழமை முதல் சவாரி. வருகிறவர்கள் அவளுடைய மகளிர் குழுவிலிருந்தே பதினாறு பேர். அன்றைக்கும் கழிப்பறை பொங்கினால் மாப்பிள்ளை அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு அந்த மூலையில் இரண்டு நாற்காலி போட்டுவிடுவார். மாப்பிள்ளை இதை மறுக்கவில்லை. ஏற்கெனவே இரண்டு முறை சொந்தக்காரர்களை ஏற்றி வெள்ளோட்டம் பார்த்தாயிற்று. இரண்டு முறையும் நடு வழியில் பொங்கிவிட்டது. அவருடைய அண்ணி புடவைக் கரை நனைந்து வெளியே வந்தவர், இன்றுவரை முகம் கொடுத்துப் பேசவில்லை.

மற்ற படகுகளில் எல்லாம் கழிப்பறையா இருக்கிறது, எதற்கு இந்தப் பிடிவாதம் என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நடவுக்குப் போன நாள்லேருந்தே நாங்க காலைல தண்ணி குடிக்கறதில்ல அண்ணே," என்றாள் வசந்தா. "குடிச்சா போகணும். போக மறைவில்ல. அப்படியே பழகிப்போச்சு. போன வருஷம் குழுவோட அலையாத்திக் காட்டு லகூனுக்குப் போனோம், ஆறு மணி நேரம். கூட வந்த ஆம்பளைங்க எறங்கி காட்டோரமா ஒதுங்கிட்டு வந்துர்றாங்க. நாங்க பதினாறு பேரும் வாய நனைக்கல. திரும்பறப்ப பாக்கியம் அக்கா மயங்கி விழுந்துட்டாங்க. அன்னிக்கு முடிவு பண்ணேன், படகுன்னு ஒண்ணு கட்டுனா கக்கூஸோடதான்."

அவள் நடவுக்குப் போன காலத்தில் நானும் அதே வயலில் நாற்று முடி தூக்கிப் போட்டவன்தான். அவள் தண்ணீர் குடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியாது. வெட்கமாக இருந்தது.

மாப்பிள்ளை கை கழுவிக்கொண்டே நோயின் லட்சணத்தைச் சொன்னார். "ஆள் ஏறுனா பொங்குது மச்சான். எறங்குனா சரியாயிடுது." பேய் பிடித்த வீட்டைப் பற்றிச் சொல்கிற மாதிரி இருந்தது. அனுபவம் இல்லாதவர்கள் இப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டு தூங்கப் போனேன்.

வியாழக்கிழமை. படகு ஆற்றில் கட்டியிருந்தது. கழிப்பறை நான் எதிர்பார்த்ததைவிட நல்ல சாமான். கொச்சிப் பக்கம் பழைய படகு உடைக்கிற இடத்திலிருந்து மாப்பிள்ளை வாங்கி வந்தது. பீங்கான் கோப்பையின் பக்கத்திலேயே ஒரு கைப்பம்பு. அடித்தால் ஒரு குழாய் வழியாக ஆற்றுத் தண்ணீர் பீங்கானுக்குள் வரும். இன்னொரு குழாய் வழியாக உள்ளே இருப்பது பின்னால் ஒரு தொட்டிக்குப் போகும். கரைக்கு வந்ததும் தொட்டியைத் தென்னந்தோப்பில் உள்ள செப்டிக் டேங்க்குக்கு இறைத்துவிட வேண்டும். நேராக ஆற்றில் விட்டுவிடலாமே என்று யாரோ சொன்னதற்கு, நாம் தின்கிற இறால் அங்கேதான் மேய்கிறது என்று வசந்தா ஒரே வரியில் முடித்துவிட்டாளாம். சிங்கப்பூரில் இதே விஷயத்துக்கு மூன்று மொழியில் போர்டு வைத்திருக்கிறார்கள்.

சுவரில் அவள் கையெழுத்திலேயே பெயின்டால் எழுதியிருந்தாள்: கைப்பிடியை வலப்பக்கம் திருப்பிப் பத்து முறை அடிக்கவும். இடப்பக்கம் திருப்பிப் பத்து முறை அடிக்கவும். அப்படியே விட்டு வரவும். ஊரில் பாதி வீட்டுக்கு அடிபம்பு அடித்துப் பழக்கம் என்பதால் இது யாருக்கும் கஷ்டமில்லை.

இதை மாட்டிக்கொடுத்தவர் அந்தோணி அண்ணன். சுற்றுவட்டாரத்தில் ஆயில் இன்ஜின், பம்ப்செட் எதற்கும் அவர்தான் மெக்கானிக். சட்டைப்பையில் ஜெபமாலையும் டெஸ்டரும் ஒன்றாகக் கிடக்கும். நான் வருவது தெரிந்து காலையிலேயே வந்து படகின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். வெளிநாட்டிலிருந்து வந்த ஆள் தன் வேலையில் என்ன குற்றம் கண்டுபிடிக்கப் போகிறான் என்று பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அது சரியாகவும் இருந்திருக்கலாம்.

குற்றம் உடனே கிடைத்தது. தொட்டிக்குக் காற்று போய்வர ஒரு சிறு குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் வாயில் பாலிதீன் கவரைச் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு இறுக்கியிருந்தது. நாற்றம் வருகிறது என்று மாப்பிள்ளை செய்த ஏற்பாடு. தொட்டிக்கு மூச்சு விட வழி வேண்டும், மூச்சை அடைத்தால்தான் உள்ளே இருப்பது கெட்டு நாற்றம் இரண்டு பங்காகும் என்று விளக்கி, கவரைப் பிரித்து எறிந்தேன். பிறகு ஜோக்கர் வால்வைக் கழற்றினேன். பழைய ரப்பர் சுண்ணாம்பு படிந்து, உதடு விறைத்து, வாய் மூடாமல் கிடந்தது. அதை எல்லோருக்கும் காட்டினேன். புதியதை மாட்டினேன். குழாய்கள் இரண்டும் கூரை வரைக்கும் ஏறி, வளைந்து, இறங்கின. டார்ச் அடித்துப் பார்த்தேன். வளைவு இருந்தது. பார்த்த வரைக்கும் சரி.

அடித்துக் காட்டினேன். பத்து, பத்து. பீங்கான் சுத்தமாகக் காலியானது. அரை மணி நேரம் காத்திருந்தோம், ஒரு சொட்டு ஏறவில்லை. அந்தோணி அண்ணன் எழுந்து போனார். நான் மதியம் நண்டு வறுவல் சாப்பிட்டுவிட்டு நன்றாகத் தூங்கினேன். சிங்கப்பூராக இருந்தால் இந்நேரம் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த படகுக்குப் போயிருப்பேன்.

வெள்ளிக்கிழமை காலையில் காபி கொடுக்கும்போது வசந்தா, ஆள் ஏறாமல் எப்படிச் சரியாகிவிட்டது என்று சொல்கிறாய் என்று கேட்டாள். ரப்பருக்கு ஆள் ஏறியது இறங்கியது எல்லாம் தெரியாது என்று சொன்னேன். அவள் விடவில்லை. பதினாறு பேரைத் திரட்டுவது நடக்காது, எல்லோரும் அறுப்பில் இருக்கிறார்கள். கரை உடைந்தால் போடுவதற்காக ஆற்றோரம் அடுக்கி வைத்திருந்த மணல் மூட்டைகள் மாப்பிள்ளைக்கு ஞாபகம் வந்தன. ஊர்ப் பொது மூட்டை. சாயங்காலம் திரும்ப அடுக்கிவிடுவதாகச் சொல்லி, பதினாறைத் தூக்கிவந்தார்கள். மாப்பிள்ளை, அந்தோணி அண்ணன், பக்கத்தில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த இரண்டு மீனவர்கள். பெஞ்சுக்கு இத்தனை என்று உட்காரவைத்தார்கள். மாப்பிள்ளை ஒவ்வொரு மூட்டைக்கும் குழுவிலிருந்து ஒரு பெயர் வைத்தார். இருப்பதிலேயே பெரிய மூட்டைதான் பாக்கியம் அக்கா, அவரைக் கழிப்பறைக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். கரையிலிருந்து வசந்தா பார்த்த பார்வையில் அதோடு நிறுத்திக்கொண்டார்.

மூட்டைகள் ஏறியதும் படகு நான்கு விரற்கடை இறங்கியது. நான் உள்ளே போய்ப் பத்து முறை அடித்துவிட்டு, கைப்பிடியை இடப்பக்கம் திருப்பாமல் வெளியே வந்து நின்றேன். திருப்பினால் தண்ணீர் வருகிற வழி மூடிக்கொள்ளும். ஆனால் புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேர் அதை மறந்துதான் வருவார்கள் என்பது பத்தொன்பது வருட அனுபவம். கொஞ்ச நேரத்தில் உள்ளே ஒரு சத்தம். எட்டிப் பார்த்தால் பீங்கானில் தண்ணீர் தானாக ஏறிக்கொண்டிருந்தது. யாரும் பம்பைத் தொடவில்லை. விளிம்பைத் தொட்டது, வழிந்தது, தரையில் பரவி என் காலை நனைத்தது.

மாப்பிள்ளை கரைக்கு இறங்கிப்போய் ஸ்பேனர் பெட்டியோடு வந்தார். "விடுங்க மச்சான். உங்களாலயே முடியலன்னா இது ஆகாது. கழட்டிடுவோம்." வசந்தா அவரையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தண்ணீரைத் துடைக்க உட்கார்ந்தாள்.

ஆள் ஏறினால் பொங்குகிறது, இறங்கினால் சரியாகிவிடுகிறது. முதல் நாளே வாயில் போட்டுக் கொடுத்த விடை. பாரம் ஏறினால் படகு இறங்கும். படகு இறங்கினால் பீங்கானின் விளிம்பு வெளியே ஆற்று மட்டத்துக்குக் கீழே போய்விடும். வடிகாலில் தண்ணீர் உயர்ந்தால் பள்ள வயலுக்குள் எதிர்த்து ஏறும் என்று தெரியாத கடைமடைக்காரன் யாராவது உண்டா? அப்படி ஏறாமல் இருக்கத்தான் குழாயைக் கூரை வரை கொண்டுபோய் வளைப்பது. வளைவு மட்டும் போதாது, அதன் உச்சியில் காற்று நுழைய ஒரு சிறு துளை வேண்டும். நான் டார்ச் அடித்து வளைவைப் பார்த்தேனே தவிர கையால் தடவிப் பார்க்கவில்லை. இப்போது ஸ்டூல் போட்டு ஏறித் தடவினேன். தண்ணீர் வருகிற குழாயின் உச்சி வழவழவென்று இருந்தது, மேலே வெள்ளைப் பெயின்ட்.

இங்கே ஒரு துளை இருந்திருக்க வேண்டுமே என்று கேட்டேன்.

"இருந்துச்சு தம்பி," என்றார் அந்தோணி அண்ணன். "மாட்டி அடிச்சுப் பாத்தப்ப அந்த எடத்துல சுஸ்ஸுன்னு காத்து இழுத்துச்சு. பழைய சாமான், ஓட்டையோட தள்ளிவிட்டுட்டான்னு நெனச்சேன். எம்சீல் போட்டு நாந்தான் அடைச்சேன். அதுக்கு நான் தனியா ஒண்ணும் கேக்கல."

சிரிப்பதா என்று தெரியவில்லை. நானும் இந்த மண்ணில் இன்ஜின் ஓட்டியவன்தான். ஆயில் இன்ஜின் ஹோஸில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் ஏர் பிடிக்கும், ஏர் பிடித்தால் தண்ணீர் ஏறாது, தண்ணீர் ஏறாவிட்டால் பயிர் போச்சு. காற்று வருகிற ஓட்டையைக் கண்டால் களிமண்ணோ, பழைய டியூபோ, கையில் கிடைத்ததை வைத்து அடைப்பதுதான் இங்கே தர்மம். அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அடைத்திருப்பேன். அதைக் கேட்காமலே நேற்று அவரை எழுந்து போகவைத்தேன்.

டின்னிலிருந்து டீசல் எடுக்க டியூபை விட்டு ஒரு முறை உறிஞ்சிவிட்டால் அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று அவரைக் கேட்டேன். அது பாட்டுக்கு வந்துகொண்டே இருக்கும் என்றார். எப்படி நிறுத்துவீர்கள் என்றேன். டியூபின் மேல்முனையை டீசலிலிருந்து தூக்கிக் காற்றில் காட்டினால் நின்றுவிடும் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், அந்த இடத்தில் நிறுத்தினார். வளைவை ஒரு தடவை பார்த்தார். "அப்ப இது ஏர் பிடிக்கணும்னே வச்சதா?"

ஆமாம், இல்லாவிட்டால் ஒரு முறை அடித்த பிறகு ஆற்றுத் தண்ணீரும் அது பாட்டுக்கு உள்ளே வந்துகொண்டே இருக்கும் என்றேன். அவர் பெஞ்சில், ஒரு மூட்டையின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். முப்பது வருடமாக ஏர் பிடிக்காமல் பார்த்துக்கொள்வதையே பிழைப்பாகச் செய்தவரிடம் இதை யாராவது சொல்லியிருக்க வேண்டாமா என்று வருத்தப்பட்டார். பிறகு, இன்ஜின் பார்க்கிற ஆளுக்குக் கக்கூஸைப் பற்றி இவ்வளவு எப்படித் தெரியும் என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். மீனவர்கள் இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள், மாப்பிள்ளை ஸ்பேனரோடு நின்றார், வசந்தா துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"நான் இன்ஜின் பாக்கலண்ணே," என்றேன். "இதான் என் வேலை. படகுக் கக்கூஸ். பத்தொம்பது வருஷமா இத மட்டுந்தான் பாக்குறேன்."

அப்பா காதில் விழுந்துவிட்டதைப் போல இருந்தது. மீனவர்களில் மூத்தவர் பீடியைக் கீழே போட்டுவிட்டு நெருங்கி வந்தார். அவர் வீட்டில் போன வருடம் கட்டிய கழிப்பறையில் தண்ணீர் ஊற்றினால் குபுகுபு என்று சத்தம் வருகிறதாம், போக மாட்டேன் என்கிறதாம், ஒரு நடை வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். இன்னொருவர் தன் மாமனார் வீட்டு செப்டிக் டேங்க்கைப் பற்றி ஆரம்பித்தார். வேறு யாரும் வேறு எதுவும் கேட்கவில்லை. வசந்தா மட்டும் துணியை உதறிக்கொண்டே, இதை முன்பே சொல்லியிருந்தால் படகு கட்டும்போதே கூப்பிட்டிருப்பேனே, இப்படி இரண்டு தடவை அசிங்கப்பட்டிருக்க வேண்டாமே என்று திட்டினாள். பத்தொன்பது வருட ரகசியத்துக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

எம்சீலைச் சுரண்டியபோது அடியிலிருந்த பழைய துளையின் மூக்கும் சேர்ந்து உடைந்தது. அதற்கு மாற்றுச் சாமான் என் பெட்டியில் இல்லை. அந்தோணி அண்ணன் சைக்கிள் டியூபின் வால்வை வைத்துப் பார்த்தார். அது காற்றை உள்ளே விட நல்ல அழுத்தம் கேட்டது, இந்தக் குழாயின் உறிஞ்சலுக்கு அசைந்து கொடுக்கவில்லை. கடைசியில் மெடிக்கல் கடையில் சலைன் ஏற்றுகிற டியூப் ஒன்று வாங்கிவந்து, அதன் ஒரு முனையைத் துளையில் செருகி, மறுமுனையைக் கூரைக்கு மேலே வெளியே விட்டோம். செருகிய இடத்தைச் சுற்றிப் பூசுவதற்கு அதே எம்சீல்தான். இந்த முறை பூசும்போது எங்கே நிறுத்த வேண்டும் என்று என்னை இரண்டு தடவை கேட்டுக்கொண்டார்.

அடித்துப் பார்த்தபோது ஒவ்வோர் அடிக்கும் கூரையிலிருந்து டியூப் வழியாக ஒரு சின்னப் பீச்சு வெளியே விழுந்தது. சுத்தமான ஆற்றுத் தண்ணீர், தவறொன்றும் இல்லை, சிங்கப்பூரில் சில படகுகளில் அப்படித்தான் இருக்கிறது என்றேன். வசந்தா கரையிலிருந்து அதைப் பார்த்துவிட்டு வேண்டவே வேண்டாம் என்றாள். உள்ளே ஒருத்தி போயிருக்கிறாள் என்று ஆற்றின் இரண்டு கரைக்கும் தெரிந்தால் ஒருத்தியும் போக மாட்டாள். டியூபைக் கூரை வழியாகவே பின்பக்கம் கொண்டுபோய், இன்ஜினின் தண்ணீர் கொட்டுகிற இடத்துக்கு மேலே கட்டினோம். அங்கே ஏற்கெனவே கொட்டிக்கொண்டிருப்பதில் இது தெரியாது. இருபது பக்கத்துக்கு வருகிற எந்தக் கையேட்டிலும் இந்த விஷயம் இருக்காது.

மூட்டைகள் பதினாறும் இருந்தபடி இருக்க, கைப்பிடியை வேண்டுமென்றே திறந்துவிட்டு ஐந்து ஆண்கள் சுற்றி நின்று ஒரு பீங்கானைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அரை மணி நேரம். தண்ணீர் இருந்த இடத்திலேயே இருந்தது. மாப்பிள்ளை ஸ்பேனரைப் பெட்டியில் வைத்து மூடினார். நாளைக்கு மூட்டை இல்லை, மனுஷிகள், பார்ப்போம் என்றார்.

சனிக்கிழமை எட்டு மணிக்குப் பதினாறு பேரும் வந்துவிட்டார்கள். தலை நிறையக் கனகாம்பரம், தூக்குவாளிகளில் புளிச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும். இதில் பாக்கியம் அக்கா யார் என்று யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. மாப்பிள்ளை மூட்டையைத் தேர்ந்தெடுத்தது சரியாகத்தான் இருந்தது. வசந்தா முன்பக்கம் குழாய் மாட்டிய இருபது லிட்டர் தண்ணீர் கேனை வைத்து, மேலே ஒரு எவர்சில்வர் டம்ளரையும் வைத்திருந்தாள். கழிப்பறை எங்கே, எப்படி அடிப்பது என்று எல்லோருக்கும் சொன்னாள். எல்லோரும் தலையாட்டினார்கள். மாப்பிள்ளை ஓட்டுவதற்காகப் பின்னால் இன்ஜின் பக்கம் உட்கார்ந்தார், நான் அவர் அருகே பெண்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன்.

ஆறு அகன்று லகூனுக்குள் போனோம். இரண்டு பக்கமும் அலையாத்தி. சேற்றிலிருந்து வேர்கள் மேல்நோக்கி முளைத்து நிற்பதைப் பார்த்து, இது என்ன கூத்து, வேர் மேலே வருகிறதே என்று ஒருவர் கேட்டார். மூச்சு விடுவதற்கு என்று மாப்பிள்ளை விளக்கினார். பறவைகள் எழுந்தன. பாட்டு எடுத்தார்கள், பாதியில் விட்டார்கள், வேறு பாட்டு எடுத்தார்கள். புளிச்சோறு கைமாறியது. வெயில் ஏறியது. ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அடிக்கடி திரும்பிப் பார்க்கக் கூடாது என்று இருந்தேன், இருந்தும் ஒரு தடவை பார்த்தேன். டம்ளர் வைத்த இடத்திலேயே இருந்தது. புளிச்சோறு தின்ற பதினாறு பேரில் ஒருவரும் தண்ணீரைத் தொடவில்லை. பழைய பழக்கத்தை ரப்பர் வால்வால் மாற்ற முடியாது என்று எனக்குத் தோன்றியது. சோர்வாக இருந்தது.

அப்போது பாக்கியம் அக்கா எழுந்தார். படகு ஒரு பக்கம் சாய்ந்தது. குனிந்து அந்தச் சிறிய கதவுக்குள் போனார். பாட்டு நின்றது. நாங்கள் இருவரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தோம். பம்பு சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு என்று நான் மனசுக்குள் எண்ணினேன், மாப்பிள்ளையின் உதடும் அசைந்தது. பத்து. கைப்பிடி திரும்புகிற சத்தம். மறுபடி பத்து. என் தலைக்கு மேலிருந்த டியூப் இன்ஜின் தண்ணீரோடு சேர்ந்து சொட்டியது, யாருக்கும் தெரியவில்லை.

கதவு திறந்து வெளியே வந்தார். பதினைந்து பேரும் அவர் முகத்தையும் புடவைக் கரையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். கரை உலர்ந்திருந்தது. நேராக முன்பக்கம் போய், டம்ளரை நிரப்பி, நின்றபடியே அண்ணாந்து குடித்தார். இன்னொரு டம்ளர் பிடித்து அதையும் குடித்தார். பிறகு டம்ளரைப் பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

அதற்கப்புறம் டம்ளர் கீழே வைக்கப்படவில்லை. கதவு திறப்பதும் மூடுவதும், பத்தும் பத்தும், எண்ணுவதை விட்டுவிட்டேன். கரை தெரிகிற நேரத்தில் கேன் அனேகமாகக் காலி. மாப்பிள்ளை இன்ஜினைக் குறைத்தார். வசந்தா கேனைச் சாய்த்து, அடியில் மிச்சமிருந்ததை டம்ளரில் பிடித்து, படகின் விளிம்பில் உட்கார்ந்து நிதானமாகக் குடித்து முடித்தாள். என் தங்கை வீட்டுக்கு வெளியே தண்ணீர் குடித்து நான் பார்த்தது அன்றுதான்.